கெட்டிலுக்கு வந்த தனிமை

அன்பு மகள் வாலுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, படியேறும்போது மட்டும் முரண்டு பிடிக்கிற என் இடது முழங்கால் மூவரும் சுகம். அங்கே நீயும் நீ பரிசோதிக்கிற லிப்டுகளும் சுகமாக இருக்க வேண்டும், போன மாதம் உன்னிடம் வந்து ஒட்டிக்கொண்ட அந்த இருமல் மட்டும் சுகமாக இருக்க வேண்டாம், அதற்கு வெந்நீர் குடி. இந்தக் கடிதத்தைக் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். லேப்டாப்பில் அடித்தால் என் விரல் தானாகவே அழிக்கிற பொத்தானுக்கு ஓடிவிடுகிறது, எழுதியதில் பாதியைத் தின்றுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறது. தாளில் அந்த வசதி கிடையாது, அடித்தால் அடித்த இடம் தெரியும். அம்மா எதிரில் உட்கார்ந்து காவல் காக்கிறாள், ஒரு சொல்லின் மேல் கோடு விழுந்தால் போதும், அது என்ன சொல் என்று கேட்கிறாள். எதற்கு இவ்வளவு காவல் என்பதைத்தான் எழுதப் போகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நீ அந்த இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு முன்னால் இதை ஒரு வரி விடாமல் படித்துவிடு.

என் பிழைப்பு உனக்குத் தெரியாததல்ல. நானூறு ஐந்நூறு பக்க இங்கிலீஷ் நாவலைத் தமிழில் தொண்ணூற்றாறு பக்கத்துக்குச் சுண்டவைப்பது. பஸ்ஸில் ஏறினவன் இறங்குவதற்குள் கதை முடிந்துவிட வேண்டும் என்பது எங்கள் பதிப்பக முதலாளியின் கொள்கை, தொண்ணூற்றேழாம் பக்கம் என்று வாயெடுத்தாலே அவருக்கு மூச்சு வாங்கும். இருபத்திரண்டு வருடமாக வெட்டுகிறேன், வெட்டுவதில் எனக்கென்று ஒரு வரிசை உண்டு, முதல் பலி அடைமொழி, இரண்டாவது மழையும் வெயிலும், மூன்றாவது கதையில் வருகிற அத்தைமார்கள். இந்தக் கைநமைச்சல் அலுவலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதிர்வீட்டுப் பல் டாக்டர் தன் நண்பருக்கு எழுதிய பிரிவுபசார உரையை, பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்று தந்தார், நான் நான்கு பக்கத்தை மூன்று வரியாக்கிக் கொடுத்தேன், அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் வாயைத் திறப்பதில்லை. உனக்கு ஐந்து வயதில் நான் சொன்ன கதையை நீயே நடித்துக் காட்டி மானத்தை வாங்குவாயே, ராஜா இருந்தார், காணாமல் போனார், கிடைத்துவிட்டார், தூங்கு. இப்படிப்பட்டவன் கையில் உன் கடிதங்கள் சிக்கின என்பதுதான் விஷயம்.

இப்போது என் மேசையில் இருப்பது ஒரு பாலத்துக் காவல்காரனைப் பற்றிய நாவல். படகு வந்தால் பாலத்தைத் தூக்குவான், போனால் இறக்குவான், நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு அதையேதான் செய்கிறான். எழுதினவருக்கு ஒரு சொல்லின் மேல் அப்படியொரு மோகம், லோன்லி. லோன்லி கதவு, லோன்லி விளக்கு, லோன்லி நாற்காலி, ஓரிடத்தில் லோன்லி பூட்ஸ் வேறு, ஜோடியாக இருக்கிற பூட்ஸுக்கு என்ன லோன்லி என்று நான் வாய்விட்டே சிரித்தேன். மொத்தம் முப்பத்தொரு இடம். யோசிக்காமல் வெட்டினேன் என்று நினைத்துவிடாதே, இரண்டு நாள் அந்தச் சொல்லோடு மல்லுக்கட்டினேன். அலோன் என்றால் கூட ஆள் இல்லை, அவ்வளவுதான், எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். லோன்லி எண்ணி அறிகிற சமாசாரமில்லை, நூறு பேர் நடுவில் நிற்கிறவனுக்கும் வரும், காட்டில் குடிசை போட்டு இருக்கிறவனுக்கு வராமலும் போகும். கதைக்குக் கதை அதன் குணமும் மாறுகிறது. துப்பறியும் கதையில் லோன்லி ரோடு என்று வந்தால் அடுத்த பத்தியில் கார் நின்றுபோகும். குழந்தைக் கதையில் லோன்லி வாத்து என்றால் எட்டாம் பக்கத்துக்குள் அதற்கு ஒரு சிநேகிதம் கிடைத்துவிடும். கவிதை எழுதுகிறவர்கள் நிலா, மலை, மரம் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் மாட்டிவிடுகிறார்கள். சரி, தமிழில் என்ன போடுவது? தனிமையான என்றால் காதலர்கள் தேடி அலைகிற இடம் போல இருக்கிறது. துணையற்ற என்றால் அரசாங்க விண்ணப்பத்தில் கட்டம் போட்டுக் கேட்பது போல. ஒற்றை என்பது வெறும் எண்ணிக்கை. ஆளரவமற்ற என்பது ரோட்டுக்குப் பொருந்தும், பூட்ஸுக்குப் பொருந்தாது. எதற்கு வம்பு என்று முப்பத்தொன்றையும் சீவித் தள்ளினேன், நாலைந்து வரி மிச்சமானது, அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்குக் கூடுதலாக ஒரு டீ குடித்தேன்.

வியாழக்கிழமை மதியம் எங்கள் பூதக்கண்ணாடி என் மேசைக்கு வந்தாள். பூதக்கண்ணாடி யாரென்று நான் உனக்குச் சொன்னதில்லை, அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கிற பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், அவளுக்கு இந்தப் பெயர் வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கும் தெரியும், பிறந்தநாளுக்கு நாங்கள் கொடுத்த பரிசைப் பிரித்துப் பார்க்காமலேயே என்னவென்று சொன்னாள். கக்கத்தில் மூல நாவலை இடுக்கிக்கொண்டு, என் தொண்ணூற்றாறு பக்கத்தை முன்னால் போட்டு, 'சார், கடைசி அத்தியாயத்துல ஒரு பொம்பளை சைக்கிள்ல வந்து மணி என்னன்னு கேக்குறா, இவன் நாலு இருபதுன்னு சொல்றான், அவ போயிடுறா, இவன் உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழறான். எதுக்கு சார்? வயித்து வலியா?' என்றாள். அறை முழுதும் சிரித்தது, கண்ணாடித் தடுப்புக்கு உள்ளேயிருந்து முதலாளியும் சிரித்தார். நான் விடவில்லை, மூலத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, திடீரென்று அழுகிறான் என்றேன். 'மூலத்துல திடீர்னு இல்ல சார், அவன் நானூறு பக்கமா அழுதுட்டு இருக்கான், நீங்கதான் வெட்டிட்டீங்க' என்று முப்பத்தொரு இடத்தையும் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்ததைக் காட்டினாள். கதவுக்கு எப்படிம்மா தனிமை வரும், அது மரம் என்று நான் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சுருக்கவில்லை. 'கதவுக்கு வராது சார். கதவைப் பாக்கிறவனுக்கு வரும். எனக்கு யாரும் இல்லன்னு வாயைத் தொறந்து சொல்ல வெக்கமா இருக்கும்ல, அதான் கதவு மேல ஏத்திடறான், பூட்ஸ் மேல ஏத்திடறான். புக்கு பூராவும் அந்த ஆளு தன்னைப் பத்தி அந்த வார்த்தையைச் சொல்லவே இல்ல, பாத்தீங்களா?' நான் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடம் இந்த வேலை பார்க்கிறவன் திருதிருவென்று விழித்தேன். அவள் பாவம் பார்த்து ஒரு பிஸ்கட்டை நீட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, வழக்கமாக அது கிடைத்தால் இறங்கும் வரைக்கும் தூங்குவேன், அன்று தூக்கம் வரவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் உன் கெட்டில் ஞாபகத்துக்கு வந்தது. கம்பெனி லேப்டாப்பில் தமிழ் இல்லை என்று நீ ஞாயிறுதோறும் இங்கிலீஷில் எழுதுகிறாய், போனில் பேசினாலும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு முடிந்துவிடுகிறது. அம்மாவோ நாள் முழுதும் கண்ணாடிக் கடையில் அடுத்தவர் கண்ணுக்கு எழுத்துக் காட்டிவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்து ஒரு எழுத்தைப் பார்க்க மாட்டேன், நீங்கள் படித்துச் சொல்லுங்கள் என்பாள். அவள் சாப்பிடும்போது நான் தமிழில் சொல்வேன். அங்கேதான் என் வேலையைக் காட்டிவிட்டேன் கண்ணு. வேண்டுமென்று செய்யவில்லை, வாய் பழக்கத்தில் செய்தது. வேலை முடிந்து வந்து என் லோன்லி கெட்டிலைப் போட்டேன், நின்றுகொண்டே சாப்பிட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்களின் டிவியைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நீ எழுதியிருந்தாய். நான் அம்மாவுக்குச் சொன்னது, 'வந்தாளாம், டீ போட்டாளாம், சாப்பிட்டாளாம், டிவி பாத்தாளாம்.' அம்மா நிம்மதியாக இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். அதோடு விட்டேனா, கெட்டிலுக்கு எதற்கு அடைமொழி, அது பாத்திரம்தானே, வெட்டு என்று உனக்குப் பதில் வேறு எழுதினேன். அடுத்த கடிதத்தில் வாசலில் ஒரு லோன்லி குடை வந்தது, அதையும் விட்டுவிட்டேன். ஒப்பந்தத்தைப் பற்றி எழுதினாயே, வேலை பிடித்திருக்கிறது, இந்த நாலு பேர் மேசைதான் ரொம்ப லோன்லியாக இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று. அதைப் படித்து நான் சொன்னது, 'இன்னும் ரெண்டு வருஷம் கேக்குறாங்களாம், வேலை பிடிச்சிருக்காம், மேசை பெருசாம்.' மேசை பெரிதென்றால் மடக்கு மேசை வாங்கிக்கொள், அம்மா கையெழுத்துப் போடச் சொல்கிறாள் என்று உனக்கு எழுதி அனுப்பினேன். நீ சரி என்று ஒரு சொல்லில் பதில் போட்டாய். அதற்குப் பிறகு வந்த உன் மூன்று கடிதமும் நாலே வரி, வேலை நன்றாக இருக்கிறது, வானிலை நன்றாக இருக்கிறது, நான் நன்றாக இருக்கிறேன். ஒரு அடைமொழி இல்லை. நான் என்ன செய்தேன்? நடை நன்றாகத் தேறிவிட்டது, அப்பாவின் மகள் என்று நிரூபித்துவிட்டாய் என்று பாராட்டி எழுதினேன். பஸ்ஸில் அது நினைவுக்கு வந்த கூச்சத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தேன்.

வெள்ளி முழுதும் மென்று விழுங்கி, நேற்று சனிக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள், முதல் கடிதத்திலிருந்து நாற்பத்தொன்றையும் படித்தாள். நான் இரண்டு தடவை டீ வைத்தேன், இரண்டும் ஆறிப்போயின. நடுநடுவே அவள் சிரித்தாள், அதுதான் எனக்கு இன்னும் பெரிய அடி. லிப்டுக்குப் பயந்து பதினோரு மாடியும் படியேறியே வருகிற உன் மேலதிகாரி, தன் நாய்க்குப் பிடிக்கும் என்பதற்காக அதை லிப்டில் மேலும் கீழும் கூட்டிப் போகிற உன் கட்டடத்து மூன்றாம் மாடி அம்மாள், இதெல்லாம் எப்போது எழுதினாள், நீங்கள் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். கதைக்குத் தேவைப்படவில்லை என்று வாய்வரை வந்தது, நல்லவேளை விழுங்கிவிட்டேன். பத்து மாதமாக உன் வேடிக்கைகளையும் அவளுக்குத் தராமல் தின்றிருக்கிறேன். மேசையைப் பற்றி எழுதிய இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி படித்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பி, 'கையெழுத்துப் போடச் சொன்னது நீங்க சுருக்கின பொண்ணுக்கு. அவ நல்லா டீ குடிச்சுட்டு டிவி பாத்துட்டு இருந்தா. என் பொண்ணுகிட்ட நான் இன்னும் பேசவே இல்ல' என்றாள். கண்ணாடியை மடித்து வைத்துவிட்டு, கடையில் தப்பாகக் கண்ணாடி கொடுத்துவிட்டால் வீடு தேடிப் போய்த் திருப்பி வாங்கி வருவோம், அந்த மாதிரி நான் சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், முதல் காரியமாக இதை அவளுக்கு எழுதுங்கள் என்றாள். எழுதிவிட்டேன்.

ஆகவே கையெழுத்தைப் பற்றி எங்கள் பழைய பேச்சு செல்லாது. புதுப் பேச்சு என்னவென்று கேட்டால், எங்களுக்கே தெரியவில்லை. வேலை பிடித்திருக்கிறது என்று நீ எழுதியதும் பொய்யில்லை, அதையும் அம்மா முழுசாகப் படித்தாள், ஒரு பழைய லிப்டின் கயிற்றில் இழை பிரிந்திருந்ததை எல்லாரும் கவனிக்காமல் விட, நீ கண்டுபிடித்த அன்று எழுதிய கடிதத்தை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள், அவ்வளவு பெருமை. போடுவதானால் போடு, அம்மா ஆறு வாரம் வந்து உன்னோடு இருப்பாள், கடை முதலாளியம்மாவிடம் காலையிலேயே போன் போட்டு விடுப்பு கேட்டுவிட்டாள், அந்த அம்மாளும் தாராளமாகப் போய் வா என்றுவிட்டாள். போட வேண்டாம் என்றால் வந்துவிடு, உன் அறையில் நான் கொண்டுவந்து அடுக்கியிருக்கிற புத்தக மூட்டைகளை ஒரே நாளில் காலி செய்கிறேன். எங்களைச் சந்தோஷப்படுத்த எதையும் செய்யாதே. எதைச் செய்தாலும் சில சின்ன விஷயம் கேள், நின்றுகொண்டு சாப்பிடாதே, மடக்கு மேசை வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு, அந்த நாய்க்கார அம்மாளை ஒரு நாள் டீக்குக் கூப்பிடு, லிப்டில் நாயைக் கூட்டிக்கொண்டு சும்மா சுற்றுகிறவளுக்கும் நேரம் போகவில்லை என்றுதான் அர்த்தம். பாலத்துக்காரன் விஷயமும் முந்தாநாளே முடிந்தது, லோன்லிக்குத் தனித்துப்போன என்று போட்டிருக்கிறேன், அது பூட்ஸுக்கும் பொருந்துகிறது, கதவுக்கும் பொருந்துகிறது. ஒன்பது இடத்தில் திரும்பச் சேர்க்கிறேன் என்றேன், பூதக்கண்ணாடி பேரம் பேசிப் பதினொன்றாக்கிவிட்டாள். அதற்கு இடம் வேண்டுமே என்று முதலாளி முறைத்தார், பாலம் கட்டின வரலாற்றை ஒரு அத்தியாயம் முழுக்க வெட்டிக் கொடுத்ததும் அடங்கினார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறக்கிறேன், அம்மா பார்த்துக்கொண்டே இருக்கிறாள், எழுதிவிடுகிறேன். நீ போனதிலிருந்து யார் வந்து கேட்டாலும், வீடு ரொம்பப் பெரிசாகிவிட்டது, பெருக்கி முடியவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீடு அதே வீடுதான், ஒரு செங்கல் கூடவில்லை, பெருக்குகிறவளும் அம்மாதான். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேராக வீட்டுக்கு வராமல் இரண்டு தெரு சுற்றிக்கொண்டு வருகிறேன், முழங்காலுக்கு நல்லது என்று காரணம் சொல்கிறேன். நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, பத்து மாதத்தில் ஒரு தடவைகூட இதை உனக்கு எழுதவில்லை. உன்னை வரவழைக்க இதைச் சொல்லவில்லை. நான் சொன்னால்தான் நீயும் சொல்வாய் என்று தோன்றுகிறது, அதனால் சொல்கிறேன். இப்போது நேராகவே கேட்கிறேன், கெட்டிலையும் மேசையையும் விட்டுவிடு, உனக்கு எப்படி இருக்கிறது கண்ணு?

மழைக்காலம் வருகிறது என்று எழுதியிருந்தாய், நனையாதே. நல்ல தூக்கமும் நாலு வார்த்தை பேச ஆளும் எப்போதும் உனக்குக் கிடைக்க வேண்டும், உயரத்தில் வேலை செய்கிற என் பெண்ணின் கால் ஒருநாளும் வழுக்கக் கூடாது, எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உனக்கு உண்டு. ஞாபகம் வைத்துக்கொள், புதன்கிழமைக்குள் போன் செய், அம்மாவின் எண்ணுக்குச் செய், எவ்வளவு நேரமானாலும் பேசு, பதில் சொல்ல வராவிட்டால் அழு, அதுவும் பேச்சுதான். அவள் முடித்த பிறகு என்னிடம் தருவாள். நடுவில் புகுந்து சுருக்கமாகச் சொல் என்று சொல்ல மாட்டேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
நீ இல்லாமல் தனித்துப்போன
உன் அப்பா